டிரான்ஸ்ஃபர் வாங்கிய பேஸ்பால் பையன்கள்

வங்கி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மே மாதம் என்றால் மாம்பழம் ஞாபகம் வராது, டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்தான் ஞாபகம் வரும். லிஸ்டில் பெயர் வந்துவிட்டால் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பையனோட படிப்பு என்ன ஆகும்?" என்பதுதான். கிட்டத்தட்ட அதே மாதங்களில், அதே கேள்வியை, அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்கிறார்கள். ஒரே வித்தியாசம், அங்கே டிரான்ஸ்ஃபர் வாங்குவது அப்பா அல்ல, பையன். கல்லூரியில் பேஸ்பால் ஆடுகிற பையன்.

அக்கா மகன் டெக்சாஸில் படிக்கப் போனதிலிருந்து எங்கள் வீட்டிலும் பேஸ்பால் பேச்சு புகுந்துவிட்டது. ஆரம்பத்தில் எனக்கு அது குழப்பமான கில்லி தாண்டு போலத்தான் தெரிந்தது. ஆட்டத்தைவிட, அந்தக் கல்லூரிப் பையன்கள் இடம் மாறுகிற கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவாகத்தானே தெரியும். கல்லூரி மாறிய பையன் பிறகு என்ன ஆனான், லாபமா நஷ்டமா என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதைகள் இவை.

முதலில் ஒரு சின்ன விதி. இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. பள்ளி முடித்த பையனை தொழில்முறை அணிகள் 'டிராஃப்ட்' என்ற ஏலம் மாதிரியான தேர்வில் எடுக்கலாம். அவன் போகாமல் நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்று வருடம் முடியும் வரையோ 21 வயது ஆகும் வரையோ மறுபடி எடுக்க முடியாது. ஆனால் இரண்டு வருட ஜூனியர் காலேஜில் சேர்ந்தால் ஒவ்வொரு வருடமும் டிராஃப்டுக்குத் தகுதி உண்டு. (இங்கே நாக்பூரில் ஜூனியர் காலேஜ் என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூ. அமெரிக்காவில் அது பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடம். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஆக, பெரிய கல்லூரிக்குப் போவதா, சின்னதில் சேர்ந்து பெரியதற்குத் தாவுவதா, பெரியதிலிருந்து சின்னதற்கு இறங்குவதா என்ற கணக்கு இந்த விளையாட்டில் ஆதியிலிருந்தே இருக்கிறது.

ஜாக்கி ராபின்சன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய லீகில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்ற எழுதப்படாத சட்டத்தை 1947 ஏப்ரல் 15-ல் உடைத்தவர். அவரும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். பாசடினா ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு 1939-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூ.சி.எல்.ஏ.வுக்கு மாறினார். அங்கே கால்பந்து (அமெரிக்கக் கால்பந்து), கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என்று நான்கிலும் கல்லூரி அணியில் இடம் பிடித்தார். அந்தக் கல்லூரியில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். 1940-ல் நீளம் தாண்டுதலில் தேசியக் கல்லூரிச் சாம்பியன். அந்த நான்கில் அவர் மிக மோசமாக ஆடியது எது தெரியுமா? பேஸ்பால்! 1940 சீசனில் அவருடைய பேட்டிங் சராசரி 0.097. பத்து தடவை மட்டை பிடித்தால் ஒரு தடவைகூட உருப்படியாக அடிக்கவில்லை என்று அர்த்தம். 0.300 அடித்தால் நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்.

அந்த ஒரு சீசனை மட்டும் பார்த்திருந்தால் எந்தப் பயிற்சியாளரும் அவரை பேஸ்பால் பக்கம் வராதே என்றுதான் சொல்லியிருப்பார். 1941-ல் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டார். 1949-ல் அதே ஆள் பெரிய லீகில் 0.342 அடித்து, தேசிய லீகின் மிக மதிப்பு மிக்க ஆட்டக்காரர் ஆனார். கல்லூரி மாறிய முதல் வருட மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடை போடுகிற அப்பா அம்மாக்கள் இந்த 0.097-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டாம் சீவர். இது ஒரு வங்கி அதிகாரி ரசிக்கும்படியான ஒப்பந்தச் சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளியை முடித்தபோது இவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடற்படைத் தரைப்படையின் ரிசர்வில் சில மாதப் பயிற்சி, பிறகு ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜ் என்ற ஜூனியர் காலேஜ். அங்கே நன்றாக பந்து வீசியதால் 1965 சீசனில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஆடும் வாய்ப்பு. அந்தக் காலத்தில் கல்லூரி பேஸ்பாலில் அதுதான் பெரிய இடம். ஒரே வருடத்தில் மதிப்பு ஏறிவிட்டது.

1966-ன் தொடக்கத்தில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது. போட்ட பிறகுதான் பிரச்சினை. கல்லூரி சீசன் தொடங்கிவிட்டால் அந்தக் கல்லூரி ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் செய்யக்கூடாது என்பது விதி. அந்த வருடம் கல்லூரி அணி இரண்டு காட்சி ஆட்டங்களை முன்னதாகவே ஆடி முடித்திருந்தது. சீவர் அவற்றில் ஆடவில்லை. ஆனாலும் சீசன் தொடங்கியாயிற்று என்று சொல்லி லீகின் ஆணையர் வில்லியம் எக்கெர்ட் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். சரி, கல்லூரிக்கே திரும்பி ஆடுகிறேன் என்றால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ன சொன்னது? "நீதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயே, இனி நீ தொழில்முறை ஆள், கல்லூரியில் ஆட முடியாது." கையெழுத்துப் போட்டது செல்லாது, ஆனால் போட்ட குற்றம் செல்லும்! காசோலை திரும்பி வந்துவிட்டது, இருந்தாலும் கணக்கில் பற்று வைத்துவிட்டார்கள் என்பது மாதிரி.

சீவரின் அப்பா வழக்குப் போடுவேன் என்று கிளம்பிவிட்டார். கடைசியில் பிரேவ்ஸ் கொடுக்க ஒப்புக்கொண்டதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மற்ற அணிகள் வரலாம் என்று ஆணையர் அறிவித்தார். ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லேண்ட், நியூயார்க் மெட்ஸ் என மூன்று அணிகள் வந்தன. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மெட்ஸ் பெயர் வந்தது. அன்றைக்கு எல்லோரும் கேலி செய்யும் அணி அது. மூன்று வருடம் கழித்து, 1969-ல், சீவரை வைத்துக்கொண்டு அந்த அணி உலகத் தொடரையே ஜெயித்தது. மொத்தம் 311 வெற்றிகள். 1992-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

மேலே போனவர்கள் கதை போதும். கீழே இறங்கிய ஒருவர் மைக் பியாசா. மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தார். அங்கிருந்து மயாமி டேட் என்ற ஜூனியர் காலேஜுக்கு இறங்கினார். 1988 டிராஃப்டில் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் எடுத்தது. அதுவும் திறமைக்காக அல்ல. டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா, பியாசாவின் அப்பாவுக்கு நெருங்கிய நண்பர். நம் பாஷையில் சொன்னால் சிபாரிசு. அந்த சிபாரிசு ஆள் 427 ஹோம் ரன் அடித்து 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். சிபாரிசில் வந்தவர்கள் எல்லோரும் இப்படி இருந்துவிட்டால் ஹெச்.ஆர். துறைக்கு வேலையே இருக்காது :-)

இனி விதிகளின் கதை. நீண்ட காலமாக, கல்லூரி கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஒரு பையன் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பேஸ்பாலில் அப்படி இல்லை. பழைய கல்லூரி சம்மதித்தால் ஒரு தடவை மாறி, உடனே ஆடலாம். இதைப் பயன்படுத்தி ஏகப்பட்ட பேர் மாறினார்கள், படிப்பு கெட்டது, பட்டம் வாங்குபவர்கள் குறைந்தார்கள் என்று என்.சி.ஏ.ஏ. கவலைப்பட்டது. 2007-ல் முடிவெடுத்து 2008 இலையுதிர்காலத்திலிருந்து பேஸ்பாலையும் அந்த ஒரு வருட விதிக்குள் கொண்டுவந்தார்கள்.

கூடவே இன்னொன்று. ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான் (அந்த .7 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், ஆடிட்டர்தான் பதில் சொல்ல வேண்டும்). அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், யாருக்கும் 25 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று வைத்தார்கள். 11.7-ஐ 27-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 43 சதவீதம். மீதியை அப்பா கட்ட வேண்டும். கால்பந்து ஆடுபவனுக்கு முழு ஸ்காலர்ஷிப், பேஸ்பால் ஆடுபவனுக்குப் பாதிக்கு மேல் கல்விக் கடன். பேஸ்பால் பையன்கள் ஏன் இவ்வளவு மாறினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

தண்ணீரை அடைத்தால் பக்கவாட்டில் ஒழுகும். ஒரு வருடம் உட்கார விருப்பமில்லாதவர்கள் பெரிய கல்லூரியிலிருந்து ஜூனியர் காலேஜுக்கு இறங்கி, ஒரு வருடம் அங்கே ஆடி, பிறகு வேறொரு பெரிய கல்லூரிக்கு ஏறினார்கள். அதற்கு 'பந்து தரையில் பட்டு எழும்புவது' என்ற பொருளில் ஒரு பெயரே வந்துவிட்டது.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் பையன்களுக்குத்தான், பயிற்சியாளர்களுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பையன் மாற வேண்டுமென்றால் எந்தெந்தக் கல்லூரியோடு பேசலாம் என்று பழைய பயிற்சியாளரே தீர்மானிப்பார். போட்டிக் கல்லூரி என்றால் கூடாது என்பார். நம் ரஞ்சி ஆட்டக்காரர்கள் மாநிலம் மாற என்.ஓ.சி.க்குக் காத்திருப்பது போல. பயிற்சியாளர் மட்டும் நினைத்த நாளில் கிளம்பலாம். ஜே ஜான்சன் 2021 ஜூனில் அரிசோனா அணியை ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குக் கூட்டிப் போனார், அதே ஜூனில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யூ.) மாறிவிட்டார். 2024-ல் ஜிம் ஷ்லாஸ்நேகல் இன்னும் வேகம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியோடு ஜூன் 24 இரவு இறுதி ஆட்டத்தில் தோற்றார், மறுநாளே ஜென்மப் பகையாளியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒரு வருடம் உட்காரச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பையன்களின் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. மாற விரும்பும் பையன் பெயரைப் பதிவு செய்தால் போதும், எந்தக் கல்லூரியும் பேசலாம், பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021 ஏப்ரலில் முதல் தடவை மாறுபவர்கள் எந்த விளையாட்டிலும் உட்கார வேண்டாம் என்றானது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டாம் தடவை மாறுபவர்களைத் தடுப்பதற்கும் தடை போட்டது. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று என்.சி.ஏ.ஏ.வே ஒப்புக்கொண்டது.

இதற்கு நடுவில் கோவிட். 2020 மார்ச்சில் சீசன் நின்றது, எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாக ஆட அனுமதி கொடுத்தார்கள். அதே வருடம் 40 சுற்று டிராஃப்டை ஐந்தாக வெட்டினார்கள், 2021 முதல் 20. அடுத்து, தொழில்முறை அணிகளின் கீழ்நிலை அணிகளை 160-லிருந்து 120-ஆகக் குறைத்தார்கள். வெளியே போகிற வாசல் சின்னதாகிவிட்டது, உள்ளே இருப்பவர்கள் இன்னும் ஒரு வருடம் இருக்கிறார்கள், பள்ளியிலிருந்து புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தாம்பரம் மின்சார ரயில் மாதிரி நெருக்கடி. அந்த நேரம் பார்த்துத்தான் போர்ட்டலும் திறந்தது.

அந்தக் கூட்டத்தில் ஜெயித்தவர் என்றால் பால் ஸ்கீன்ஸ். கலிஃபோர்னியாக்காரர். 2020-ல் கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமியில் சேர்ந்தார். விமானப்படை அதிகாரியாக வேண்டும் என்பது நிஜமான ஆசை. அங்கே கேட்சராகவும் பிட்சராகவும் (நம் கணக்கில் விக்கெட் கீப்பரும் அவரே, பௌலரும் அவரே) இரண்டு வருடம் ஆடினார். அகாடமியில் மூன்றாம் வருட வகுப்பில் கால் வைத்தால் படையில் சேவை செய்வது கட்டாயம், பட்டம் வாங்கியபின் ஐந்து வருடம். தொழில்முறை பேஸ்பால் கனவு அதோடு சிக்கலாகும். எனவே 2022 கோடையில், அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன், எல்.எஸ்.யூ.வுக்கு மாறினார்.

மாறிய ஒரே சீசனில், 122.2 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 1989-ல் பென் மெக்டொனால்ட் வைத்திருந்த 202 என்ற தென்கிழக்கு மாநாட்டுச் சாதனை போனது. (122.2 என்பது கிரிக்கெட் ஓவர் மாதிரி. 122 முழு இன்னிங்ஸ், அதற்கு மேல் இரண்டு அவுட்.) 2023 ஜூன் 22 அன்று வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக அவர் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசினார். எதிர் அணியும் கொடுக்கவில்லை. 11-வது இன்னிங்ஸில் டாமி ஒயிட் என்ற பையன் ஹோம் ரன் அடித்து 2-0 என்று முடித்தான். அந்த ஒயிட்டும் இறக்குமதிதான், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2022-ல் வந்தவன். டிரான்ஸ்ஃபரில் வந்த ஒருவர் பந்து வீச, டிரான்ஸ்ஃபரில் வந்த இன்னொருவன் அடித்து ஜெயித்த அந்த அணிக்குப் பயிற்சியாளரும் டிரான்ஸ்ஃபரில் வந்தவர்தான். எல்.எஸ்.யூ. அந்த வருடம் சாம்பியன்.

ஜூலையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் ஆளாக ஸ்கீன்ஸை எடுத்தது. கையெழுத்துத் தொகை 92 லட்சம் டாலர், அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. 2024-ல் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

(பைரேட்ஸ் என்ற பெயர் இந்தியர்களுக்குப் புதிதல்ல. உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008-ல் ஒப்பந்தம் செய்தது இதே அணி. 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014-ல் படமாக வந்தது, இசை நம்ம ரஹ்மான். இருவரும் பெரிய லீக் வரை போகவில்லை.)

லியாம் டாய்ல் இன்னும் ஒரு படி மேலே. 2023-ல் கோஸ்டல் கரோலினா, 2024-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகம், 2025-ல் டென்னசி. மூன்று வருடம், மூன்று கல்லூரி. நம் வங்கியில்கூட மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல்தான்! 2025 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக செயின்ட் லூயிஸ் எடுத்தது. ஒரு வேடிக்கை, அவர் முதலில் விட்டுவிட்டுப் போன சின்னக் கல்லூரி கோஸ்டல் கரோலினா 2025 இறுதிவரை போனது. அவர் போய்ச் சேர்ந்த டென்னசி அந்த வருடம் ஒமாஹாவையே பார்க்கவில்லை. பையனுக்கு லாபம், அணிக்கு லாபம் என்று இரண்டு தனிப் பேரேடு போட வேண்டியிருக்கிறது.

இப்போது மறுபக்கம். வங்கியில் கடன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படமெல்லாம் ஒழுங்காகக் கட்டி முடித்த கம்பெனிகளுடையது. வராக்கடன்களின் படத்தை யாரும் மாட்டுவதில்லை. போர்ட்டலும் அப்படித்தான். முதல் பிரிவில் சுமார் 300 கல்லூரிகள் பேஸ்பால் ஆடுகின்றன. அணிக்கு 34 பேர் என்று வைத்தாலும் சுமார் பத்தாயிரம் இடம். மாறுபவர்கள் எத்தனை பேரானாலும் இடம் கூடாது. நாற்காலி ஆட்டம்தான். போர்ட்டலில் பெயர் போட்ட பையனின் ஸ்காலர்ஷிப்பைப் பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு நிறுத்தலாம். அவன் பெயர் போடுவது ஜூனில், டிராஃப்ட் நடப்பது ஜூலையில். யார் போவார்கள், யார் தங்குவார்கள் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் ஜூலை வரை உறுதியாகத் தெரியாது. அதுவரை இவன் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலருக்கு அழைப்பு வருவதில்லை. சிலர் இரண்டாம் பிரிவுக்கோ ஜூனியர் காலேஜுக்கோ இறங்குகிறார்கள், சிலர் மட்டையை வைத்துவிடுகிறார்கள். இன்னொரு பாதிப்பு, பள்ளி முடித்து வரும் 18 வயதுப் பையனுக்கு. அவனை வளர்த்தெடுப்பதைவிட 22 வயது முடிந்த அனுபவசாலியைப் போர்ட்டலில் எடுத்துவிடலாம் என்று பயிற்சியாளர்கள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

படிப்புதான் எனக்கு உறுத்துகிறது. கல்லூரி மாறினால் பழைய இடத்தில் படித்த பாடங்கள் எல்லாவற்றையும் புதிய இடம் ஏற்பதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள் (விளையாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, எல்லோரும்) சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. (முன்பு சொன்ன 43-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) விளையாட்டுக்காரர்களுக்கு இதில் இரட்டைச் சுமை. 2003-ல் வந்த விதிப்படி இரண்டாம் வருட முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80 முடித்திருந்தால்தான் ஆடலாம். இஞ்சினியரிங் படித்தவன் மாறும்போது பாடங்கள் பாதி ஒட்டாது, கணக்கு உதைக்கும். எனவே ஒட்டுகிற படிப்புக்குத் தாவுவான். அவனுக்குப் பிடித்த படிப்பு அல்ல, ஆடத் தகுதி தருகிற படிப்பு.

இதைப் படித்தபோது என் மகள் ஞாபகம் வந்தது. புவனேஸ்வரத்திலிருந்து லக்னோ, லக்னோவிலிருந்து நாக்பூர். மூன்று ஊரில் மூன்று மூன்றாம் மொழி. எட்டாம் வகுப்பில் மராத்தி எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள், ஒடியா போன இடம் தெரியவில்லை. இங்கே ஒரு பள்ளியில் டி.சி. ஒரு வாரம் தாமதமாக வந்ததற்காக அவளை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் உட்கார்ந்த பையன்கள் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று அவளிடம் கேட்டால் சொல்வாள்.

பணமும் இப்போது சேர்ந்துகொண்டது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 11.7 என்ற வரம்பு போனது. 34 பேர் மட்டும் அணியில் இருக்கலாம், வேண்டுமானால் 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். அரைகுறை ஸ்காலர்ஷிப்போடு 40 பேர் இருந்த அணிகளில் ஆறு பேருக்கு இடம் போனது. அவர்களும் போர்ட்டலுக்குத்தான் வர வேண்டியிருந்தது. பணக்காரக் கல்லூரி 34 பேருக்கும் கொடுக்கும், ஏழைக் கல்லூரியால் முடியாது. சின்ன இடத்தில் நன்றாக ஆடுகிற பையனைப் பெரிய இடம் தூக்கிக்கொண்டு போவது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது.

அப்படியானால் மாறலாமா கூடாதா? கதவு திறந்தது நியாயம்தான் என்பது என் கட்சி. பயிற்சியாளர் ஒரே இரவில் போகலாம், பையன் மட்டும் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்பது எந்த ஊர் தர்மம்? ஆனால் ஸ்கீன்ஸ் மாறியது பயிற்சியாளரோடு சண்டை போட்டோ, பெஞ்சில் உட்கார வைத்ததாலோ அல்ல. அவருக்கு ஒரு தேதி இருந்தது, அதற்குள் எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினார்.

அவரோடு 2020-ல் அகாடமியில் சேர்ந்த பையன்கள் 2024 மே மாதக் கடைசியில் பட்டம் வாங்கி, விமானப்படை அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அதே மே மாதம் 11-ம் தேதி, பிட்ஸ்பர்க்கில், ஸ்கீன்ஸ் பெரிய லீகில் தன் முதல் பந்தை வீசினார்.